அப்பா போட்ட ரெண்டு ஸ்க்ரூ: ஒரு கான்டெசா டேஷ்போர்டின் கதை

[பழைய கார்கள் பற்றிய எங்கள் ஒலித்தொடரில் வந்த பேச்சின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறோம். திரும்பத் திரும்பச் சொன்னவற்றையும், நடுவில் கரண்ட் போய் வந்த இரண்டு இடங்களையும் மட்டும் நீக்கியிருக்கிறோம்.]

பழைய கார் வச்சிருக்கற ரெண்டு பேர் சந்திச்சா முதல்ல கேக்கறது இன்ஜின் பத்தித்தான். ஒரிஜினல் இன்ஜினா, மாத்துனதா, எவ்வளவு மைலேஜ் கொடுக்குதுன்னு கேப்பாங்க. அப்புறம் பெயிண்ட். டேஷ்போர்டைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா வண்டி ஓட்டறப்ப நாம நாள் முழுக்கப் பாத்துட்டு இருக்கறது அதைத்தான். இன்ஜினை நான் மாசத்துக்கு ஒரு தடவை பாப்பேன், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. இன்ஜின் போச்சுன்னா அதைச் சரி பண்ண ஆள் இருக்கு. பிஸ்டன் ரிங் எங்கயாவது கிடைச்சிரும், இல்லைன்னா லேத்துல கொடுத்துக் கடைஞ்சுக்கலாம். எங்க ஊரு கோயமுத்தூரு, லேத்துக்குப் பஞ்சமே இல்ல. டேஷ்போர்டு அப்படி இல்ல. அது அச்சுல வார்த்த பிளாஸ்டிக். அந்த அச்சு நின்னு போச்சுன்னா உங்ககிட்ட இருக்கறதுதான் கடைசி. இது தெரியாம நான் ஒரு தடவை அதைக் கெடுத்தேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்.

எங்க வண்டி 1989 மாடல் கான்டெசா கிளாசிக். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், கான்டெசா நம்ம நாட்டுக் காருன்னு பேரே தவிர, உடம்பு இங்கிலாந்து உடம்பு. வாக்ஸ்ஹால் கம்பெனியோட வி.எக்ஸ். காரோட வடிவத்தை வாங்கி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவுல 1984-லிருந்து செஞ்சாங்க. முதல்ல அம்பாசிடர் இன்ஜினையே வச்சாங்க. அந்தப் பெரிய உடம்பை இழுக்க அது பத்தல. அப்புறம் ஜப்பான் இசுசுவோட 1.8 லிட்டர் இன்ஜின் வந்து, 'கிளாசிக்'னு பேர் போட்டாங்க. 2002-ல கதை முடிஞ்சுது.

அம்பாசிடர்ல முன்கண்ணாடி சின்னது, கொஞ்சம் நிமிர்ந்து நிக்கும். கான்டெசால பெருசா சாஞ்சு கிடக்கும். அதுக்குக் கீழ அகலமான டேஷ்போர்டு. பாக்க அழகு. வெயிலுக்கும் அது நல்ல பந்திப் பாய்தான்.

எங்கப்பா இந்த வண்டிக்கு டிரைவர். சொந்தக்காரர் ஒரு மில் முதலாளி. வண்டி புதுசா வந்த நாள்ல இருந்து அப்பாதான் ஓட்டினார். முதலாளி வேற வண்டி வாங்கினப்ப, 'நீயே வச்சுக்கப்பா, உனக்குத்தான் இது பழகியிருக்கு'ன்னு பேருக்கு ஒரு தொகை வாங்கிட்டு அப்பா பேருக்கு எழுதிக் கொடுத்தார். அதுக்கப்புறம் கல்யாணத்துக்கு வாடகைக்கு ஓட்டினார். எங்க அக்கா கல்யாணச் செலவு, என் பாலிடெக்னிக் ஃபீஸ் எல்லாம் இந்த வண்டி சம்பாரிச்சதுதான்.

இப்ப ஃபேன் கதை. முதலாளி வீட்டுப் பெரியம்மாவுக்கு சூடு ஆகாது. ஒரு சித்திரை மாசம் ஏ.சி. கம்ப்ரசர் போயிருச்சு. உதிரிபாகம் வர நாளாகும்னு சொல்லிட்டாங்க. பெரியம்மா அடுத்த நாள் பழனி போகணும். அப்பா டவுன்ஹால் பக்கம் போயி 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒண்ணு வாங்கி, டேஷ்போர்டு மேல வச்சு ரெண்டு ஸ்க்ரூ முடுக்கிட்டார். முன்கூட்டி டிரில் போடல, ஆணியால ஒரு குத்து குத்தி நேரா ஸ்க்ரூவை ஏத்திட்டார். பெரியம்மா நிம்மதியா பழனி போயிட்டு வந்தாங்க.

அந்த ரெண்டு ஸ்க்ரூவுல ஒண்ணுல இருந்துதான் விரிசல் ஆரம்பிச்சுது. முதல்ல முடி மாதிரி ஒரு கோடு. அது மெதுவா முன்கண்ணாடி ஓரத்துல காத்து வர்ற நீளத் துளை வரைக்கும் போச்சு. இன்னொண்ணு எதிர்ப்பக்கமா ஸ்பீக்கர் மூடியை நோக்கிப் போச்சு. பத்து வருஷத்துல ஒரு முழம் நீளம். வாய் திறந்து, ஓரம் ரெண்டும் மேல சுருண்டு, உள்ள மஞ்சளா ஃபோம் தெரிஞ்சுது. அப்பா அது மேல ஒரு துண்டை விரிச்சார். கல்யாண வண்டியில வெடிச்ச டேஷ்போர்டு தெரியக் கூடாதில்லையா? அதுக்கப்புறம் அந்தத் துண்டு அங்கயே இருந்துச்சு. மாசத்துக்கு ஒருக்கா துவைச்சு, காயவச்சு, திரும்ப விரிப்பார்.

நான் வேலைக்குப் போயி கையில கொஞ்சம் காசு வந்ததும் வண்டியைச் சரி பண்ண ஆரம்பிச்சேன். டிங்கரிங், பெயிண்ட், பிரேக் எல்லாம் முடிச்சு, கடைசில டேஷ்போர்டுக்கு வந்தேன். அப்பா சொன்னார், "அது நான் போட்ட ஸ்க்ரூவுனால வந்தது சாமி. விட்ரு, துண்டு இருக்குதில்ல." நான் விடல.

முதல் தடவை நான் பண்ணின தப்பு

தண்ணிக் குழாய் கசிஞ்சா ரெண்டு களிமண் உருண்டை மாதிரி ஒண்ணை எடுத்துப் பிசைஞ்சு அடைப்போமே, அந்த வகைப் பசையை எடுத்து விரிசலுக்குள்ள அடைச்சேன். அது மேல பெயிண்ட் கடையில வாங்கின பட்டி. உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேய்ச்சு, கறுப்பு ஸ்ப்ரே அடிச்சேன். தை மாசம் அது. வந்து பாத்தவங்க எல்லாம் நல்லாருக்குன்னாங்க. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துச்சு.

சித்திரை வந்துச்சு. ஒரு நாள் மத்தியானம் வண்டியை எடுக்கப் போனா, நான் அடைச்ச இடம் அப்படியே கல்லு மாதிரி நிக்குது. ஆனா அதோட ரெண்டு ஓரத்துலயும் புதுசா ரெண்டு விரிசல். ஒண்ணு இருந்த இடத்துல இப்ப ரெண்டு. நடுவுல என் பட்டி ஒரு தீவு மாதிரி. கை வச்சா ஆடுது.

அப்பா ஒண்ணும் சொல்லல. துண்டை எடுத்துட்டு வந்து விரிச்சுட்டுப் போயிட்டார். திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

ஏன் இப்படி ஆச்சுன்னு அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். இந்தக் காலத்து மெத்துன்னு இருக்கற டேஷ்போர்டுல மூணு அடுக்கு உண்டு. கீழ இரும்பு அல்லது கெட்டி பிளாஸ்டிக்ல ஒரு எலும்புக்கூடு. நடுவுல பாலியூரித்தேன் ஃபோம். மேல தோல், பெரும்பாலும் பி.வி.சி. பி.வி.சி. இயல்பாவே விறைப்பான பொருள். வீட்டுல தண்ணிக்குப் போடற பைப் அதுதானே. அதைத் தோல் மாதிரி மிருதுவாக்க எண்ணெய் மாதிரி ஒரு ரசாயனத்தைக் கலப்பாங்க. வெயில்ல அந்த எண்ணெய் கொஞ்சங்கொஞ்சமா ஆவியாயிப் போயிரும். எங்க போகுதுன்னு பாக்கணுமா? முன்கண்ணாடியோட உள்பக்கத்துல விரலை வச்சுத் தேய்ச்சுப் பாருங்க. பிசுபிசுன்னு ஒரு படலம் ஒட்டும். அதுல உங்க டேஷ்போர்டோட உயிர்ச்சத்தும் கொஞ்சம் இருக்கு.

எண்ணெய் போகப் போக தோல் சுருங்கப் பாக்கும். ஆனா அது கீழ ஃபோமோட ஒட்டியிருக்கு, சுருங்க முடியாது. அதனால எப்பவும் இழுவையிலயே நிக்கும். வத்திப் போன குளத்து மண்ணு வெடிக்கறது இதே கணக்குத்தான். இழுவையில நிக்கற தோலுல ஓட்டை போட்டா, இழுவை முழுக்க அந்த ஓட்டையோட விளிம்புல வந்து குவியும். சட்டையில பட்டன் ஓட்டைக்கு டெய்லர் சுத்தி காஜா அடிக்கறது எதுக்கு? இல்லைன்னா அங்கிருந்துதான் கிழியும். அப்பாவோட ஸ்க்ரூவுக்குக் காஜா இல்ல, அவ்வளவுதான். ஆனா நியாயமாச் சொல்லணும்னா, அவர் ஸ்க்ரூ போடாம இருந்தாலும் அந்தத் தோல் வெடிச்சிருக்கும். வேற மூலையில ஆரம்பிச்சிருக்கும். இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரியே அப்பாகிட்டச் சொன்னேன். "ஓஹோ"ன்னார்.

சூடு எவ்வளவுன்னு ஒரு கணக்கு. அமெரிக்காவுல அரிசோனாவுல கோடைக்காலத்துல காரை நிறுத்தி வச்சு அளந்து, 2018-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வெயில்ல ஒரு மணி நேரம் நின்ன காருல டேஷ்போர்டு சராசரியா 69 டிகிரி செல்சியஸ். நிழல்ல நின்னதுல 48. ராத்திரி அது திரும்ப முப்பதுக்குக் கீழ இறங்கும். அப்ப தினமும் அந்தப் பிளாஸ்டிக் விரிஞ்சு சுருங்கிட்டே இருக்கு. நான் வச்ச பசை விரியல, வளையல. அது ஜெயிச்சுது, பக்கத்துல இருந்த பழைய தோல் தோத்துது.

மாத்துறதா, மூடுறதா, சரி பண்றதா

வேற டேஷ்போர்டு தேடினேன். உக்கடம் பழைய இரும்புக் கடைகள்ல இல்ல. சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். கான்டெசா டேஷ்போர்டு ஒண்ணு இருந்துச்சு, கடைக்காரர் தூசி தட்டிக் காமிச்சார். எங்க வீட்டுதை விட மோசம், நாலு இடத்துல வெடிப்பு. இருக்காதா பின்னே? எல்லா வண்டியும் பாத்தது ஒரே சூரியனைத்தானே.

மேல ஒரு மூடி போட்டு ஒட்டிரலாம்னு சிலர் சொன்னாங்க. வெளிநாட்டுல பிரபலமான வண்டிகளுக்கு அச்சுல வார்த்த மூடியே விக்கறாங்க, நல்ல வழிதான். கான்டெசாவுக்கு அது இல்ல. குஷன் கடையில ரெக்ஸின் சுத்தலாம்னாங்க. நல்ல கைப்பழக்கம் உள்ளவர் செஞ்சா பிரமாதமா இருக்கும். ஆனா அடியில விரிசல் அப்படியே இருந்தா, ஒரு வருஷத்துல ரெக்ஸின் மேல கோடா தெரியும். தையல் இல்லாத டேஷ்போர்டுல தையலும் வந்துரும். ஃபைபர்ல நகல் எடுக்கறது இன்னொரு வழி. எனக்கு அதுல மனசு ஒட்டல. அப்பா முப்பது வருஷம் பாத்தது அதையா?

ரெண்டாவது தடவை

டேஷ்போர்டை வண்டியிலயே வச்சுக்கிட்டு வேலை பாக்காதீங்க. வெளிய எடுங்க. முதல்ல பேட்டரி கனெக்ஷனைக் கழட்டிருங்க. ஸ்பீடோமீட்டர் கேபிளைப் பின்னால இருந்து விடுவிக்கணும். ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு பேப்பர் டேப் ஒட்டி எழுதி வைங்க. போட்டோவும் எடுங்க, ஆனா போட்டோவை மட்டும் நம்பாதீங்க. பழைய வண்டியில ஒயர் கலரெல்லாம் ஒரே அழுக்குக் கலர்தான். பழைய தோல் அப்பளம் மாதிரி இருக்கும். நல்லா வெயில் ஏறினதுக்கு அப்புறம் கழட்டினா கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், காலைக் குளிர்ல கழட்டினா படக்குனு போயிரும்.

ஒண்ணு முக்கியம். நான் சொல்றது காற்றுப்பை இல்லாத வண்டிக்கு. பயணி பக்கம் டேஷ்போர்டுக்குள்ள ஏர்பேக் இருக்கற வண்டின்னா இந்த வேலையை வீட்டுல தொடவே தொடாதீங்க. அந்த மூடி குறிப்பிட்ட இடத்துல கிழியணும்னே செஞ்சது. அதுல பசையைப் பூசினா விபத்துல அது திறக்கிற விதமே மாறிரும்.

வெளிய எடுத்ததும் என் பழைய பட்டி முழுக்கச் சுரண்டி எடுத்தேன். ரெண்டு நாள் ஆச்சு. அப்புறம் விரிசல் எங்க முடியுதோ அந்த முனையில 3 மில்லிமீட்டர் டிரில்ல ஒரு வட்டத் துளை. கேக்கறதுக்கு விசித்திரமா இருக்கும், விரிசலை நிறுத்த ஓட்டை போடறதான்னு. கூர்மையான முனையிலதான் இழுவை குவியுது. அதை வட்டமாக்கிட்டா அது பரவிரும், விரிசல் அங்க நிக்கும். கண்ணுக்குத் தெரியற முனையைத் தாண்டி ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போடுங்க, உண்மையான முனை அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

சுருண்டு நிக்கற ஓரங்களை அமுக்கி ஒட்டப் பாக்காதீங்க, நானும் பாத்தேன், மறுபடி எழும்புது. பிளேடால சாய்வா சீவி எடுத்துரணும். ரெண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் போகும். மனசு கேக்காது, ஆனாலும் எடுங்க. கீழ பொடிஞ்ச ஃபோமையும் எடுத்துட்டு, கெட்டியா இருக்கற ஃபோம் வரைக்கும் போங்க. விரிசலோட ரெண்டு ஓரத்தையும் சேத்து இழுக்கவே கூடாது. அந்த இடைவெளி தோல் சுருங்கின அளவு. அதை நீங்க பலவந்தமா மூடினா வேற இடத்துல கேக்கும். இடைவெளியை இடைவெளியாவே வச்சு நிரப்புங்க.

நிரப்பறதுக்கு நான் இந்தத் தடவை எடுத்தது கார் பம்பர் ஒட்டறதுக்குன்னு விக்கற ரெண்டு டியூப் பசை. காஞ்சாலும் ரப்பர் மாதிரி வளையும். வாங்கறதுக்கு முன்னாடி கடையில கேளுங்க, 'காஞ்சா வளையுமா'ன்னு. வீட்டுல ஒரு அட்டையில கொஞ்சம் தடவி, அடுத்த நாள் மடக்கிப் பாருங்க. உடைஞ்சா அது உங்களுக்கானது இல்ல. பள்ளத்தை ஒரே தடவையா ரொப்பாதீங்க. மெல்லிசா மூணு, நாலு பூச்சு. 80 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 180, கடைசில 320. கீழ ஒரு மரக்கட்டை வச்சுத் தேய்க்கணும், வெறும் விரலால தேய்ச்சா குழி விழும். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். தோலைச் சூடு பண்ணிக் கருக்கவும் வேண்டாம், பி.வி.சி. எரிஞ்சா வர்ற புகை அமிலப் புகை.

அடுத்தது அந்தத் தோல் சொரசொரப்பு. இங்கதான் அப்பாவோட துண்டு என்னைக் காப்பாத்துச்சு. டேஷ்போர்டை வெளிய எடுத்துத் தண்ணித் துணியால துடைச்சப்ப, துண்டு மூடியிருந்த பகுதி ஒரு நிறம், மத்தது ஒரு நிறம். துண்டுக்குக் கீழ, விரிசலுக்குத் தள்ளி இருந்த தோல் அடர் பழுப்பு. அதுதான் வண்டியோட உண்மையான கலர். நான் அறியாம கறுப்பு அடிச்சிருந்தேன். நிறம் மட்டும் இல்ல, அந்த மான்தோல் மாதிரி கோடுகளும் தேயாம இருந்துச்சு. விரிசலை மறைக்கப் போட்ட துணி, அதைச் சுத்தி இருந்ததை வெயில்ல இருந்து காப்பாத்தியிருக்கு.

அந்த நல்ல பகுதி மேல சிலிக்கான் ரப்பரை ஊத்தி, உள்ளங்கை அளவுக்கு ஒரு அச்சு எடுத்தேன். கடைசிப் பூச்சு பசை பாதி காஞ்சு, தொட்டா விரல்ல ஒட்டாத பதத்துக்கு வந்ததும், அந்த அச்சை வச்சு அழுத்தினேன். பதம் தப்பினா போச்சு. எனக்கு மூணாவது முயற்சியிலதான் வந்துச்சு. அதுக்கு மேல ரெக்ஸினுக்கும் வினைலுக்கும் அடிக்கற வளையும் பெயிண்ட், துண்டுக்குக் கீழ இருந்த நிறத்துக்கே கலக்கி, டேஷ்போர்டு முழுக்க மெல்லிசா. பளபளப்பு வேண்டாம், மேட்டாவே இருக்கட்டும். பளபளத்தா முன்கண்ணாடியில நிழல் விழுந்து எதிர்ல வர்றது தெரியாது. டேஷ்போர்டு பாலீஷ் போடறவங்களுக்கும் இதேதான் சொல்வேன்.

உங்க வண்டியில தோலும் ஃபோமும் இல்லாம ஒரே கெட்டி பிளாஸ்டிக்கா இருந்தா கதை வேற. ஒரு துணுக்கை வெட்டித் தண்ணியில போடுங்க. மிதந்தா அது பாலிப்ரொப்பிலீனா இருக்க வாய்ப்பு அதிகம், சாதாரணப் பசை பிடிக்காது, சூடு வச்சு வெல்டிங்தான். மூழ்கினா, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்துல ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுப் பாருங்க. கரைஞ்சு பிசுபிசுத்தா ஏ.பி.எஸ். ஆக இருக்கலாம். அதே பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோன்ல கரைச்சுக் கூழாக்கி, பின்பக்கமா பூசினா ஒண்ணோட ஒண்ணா சேந்துரும். இதைத் தனியா ஒரு நாள் பேசலாம்.

துண்டு

எல்லாம் மாட்டி முடிச்ச அன்னைக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். அவருக்கு இப்ப எழுபத்தாறு, ஒரு கண்ணு ஆபரேஷன் ஆகியிருக்கு. டிரைவர் சீட்டுல உக்காந்தார். சாவி போடல. கையை நீட்டி டேஷ்போர்டு மேல இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவா தடவினார். எனக்கே எந்த இடம்னு தெரியாத அளவுக்குப் பண்ணியிருந்தேன். ஒரு இடத்துல விரல் நின்னுச்சு.

"இங்கதான?"ன்னு கேட்டார்.

ஸ்க்ரூ இருந்த இடம் அதுதான். பசை தோலை விடக் கொஞ்சம் கெட்டி. கண்ணுக்குத் தெரியாது, அவர் விரலுக்குத் தெரிஞ்சிருச்சு.

"ஆமாங்கப்பா"ன்னேன்.

"ஓட்டையவும் அடைச்சுட்ட."

"அடைச்சுட்டேனுங்க. வேணும்னா ஃபேனை வேற இடத்துல மாட்டிக்கலாம்."

சிரிச்சார். "பெரியம்மாவே போயிட்டாங்க, ஃபேன் யாருக்கு?"

ரெண்டு அக்னி நட்சத்திரம் தாண்டிருச்சு. பழைய இடம் அப்படியே இருக்கு. ஸ்பீக்கர் மூடிப் பக்கம் மட்டும் நகக்கண் அளவுக்குப் புதுசா ஒரு முடி விரிசல். அது நான் தொடாத இடம், தோலோட வயசு. முனையில துளை போட்டு வச்சிருக்கேன், இந்த ஐப்பசிக்குள்ள அதையும் பாக்கணும்.

மறுநாள் காலையில ஷெட்டுக்குப் போனா டேஷ்போர்டு மேல துண்டு. துவைச்சு, மடிப்புக் கலையாம, அதே இடத்துல. நான் நாலு மாசம் பட்ட பாடு வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. எடுத்துரலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். வெயில் படாம இருக்கும்னு விட்டுட்டேன்.

அடுத்த தடவை கதவு ரப்பர் பத்திப் பேசறேன். மழைக்கு முன்னாடி கேட்டுருங்க.